எண்பது பேர் போய் எண்பத்தோரு பேர் திரும்பிய தேசம்

இந்த வாரம் வாயில் சுலபமாக நுழையாத ஒரு பெயர். லீக்டென்ஸ்டைன். எங்கே, ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வெற்றிலை போட்டிருக்கிறவர்கள் துப்பிவிட்டுச் சொல்லவும். பக்கத்து ஸீட்காரர் சட்டைக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

பேங்க்கில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். "தெரியுமே! நம்ம ஆளுங்க கறுப்புப் பணத்தைப் பதுக்கி வெச்ச ஊர்தானே ஸார்?" என்றார் பட்டென்று.

அதேதான். 2008-ல் ஜெர்மன் உளவுத்துறை, லீக்டென்ஸ்டைன் அரச குடும்பத்து பேங்க் ஒன்றின் ரகசியக் கணக்கு விவரங்களைக் காசு கொடுத்து வாங்கியது. லிஸ்ட்டில் இந்தியர்களும் இருந்தார்கள். ஜெர்மனி அந்தப் பெயர்களை நம்மிடம் கொடுத்தது. நம் சர்க்கார் 'வெளியே சொல்லமாட்டோம்' என்றது. ராம் ஜெத்மலானி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார், 2011-ல் தீர்ப்பு வந்தது, 2014-ல்தான் பெயர்கள் கோர்ட்டுக்கு வந்தன. ஆகவே இந்தியாவில் லீக்டென்ஸ்டைன் என்றால் சூட்கேஸ், நம்பர் அக்கவுன்ட், கறுப்புக் கண்ணாடி. நண்பரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் இதே ஊருக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம். அதற்கு முன்னால் தேசத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடலாம். ரொம்ப நேரம் ஆகாது.

மொத்தமே 160 சதுர கிலோமீட்டர். 2011-ல் விஸ்தரிப்பதற்கு முன்னாலிருந்த பழைய சென்னை மாநகராட்சியே 174. ஜனத்தொகை சுமார் 40,000. சேப்பாக்கத்தில் ஒரு மாட்ச் வைத்து, கைக்குழந்தையிலிருந்து மன்னர் வரை தேசத்தையே கூப்பிட்டால் உட்கார வைத்துவிடலாம். லேட்டாக வருகிறவர்கள் கொஞ்சம் பேர் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் ஸ்விட்ஸர்லாந்து, மறு பக்கம் ஆஸ்திரியா, நடுவில் சாண்ட்விச்சில் வைத்த வெள்ளரித் துண்டு மாதிரி இது. செலாவணி ஸ்விஸ் ஃபிராங்க். தேசிய கீதத்துக்கு மெட்டு, இங்கிலாந்து ராஜாவுக்குப் பாடுகிற அதே மெட்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குக் கொடி பிடித்துக்கொண்டு போனால், அதே கொடியோடு ஹைட்டிக்காரர்கள் நிற்கிறார்கள்! கல்யாண வீட்டில் இரண்டு பேர் ஒரே டிசைன் புடவையில் வந்து நின்ற கதை. மறு வருஷமே கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏற்றுமதிப் பொருள்களில் முக்கியமான ஒன்று, பொய்ப்பல். நிஜமாக. அதில் உலகத்தின் முன்னணிக் கம்பெனிகளில் ஒன்று அங்கே ஷான் என்கிற ஊரில் இருக்கிறது.

ராணுவமா? கட்டுப்படியாகவில்லை என்று 1868-லேயே கலைத்துவிட்டார்கள். கடைசியாக யுத்தத்துக்குப் போனது அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1866-ல். எண்பது பேர் கிளம்பிப் போய், சண்டையே வராத ஒரு மலைக் கணவாயைக் காவல் காத்தார்கள். திரும்பி வந்ததும் தலையை எண்ணிப் பார்த்தால் எண்பத்தொன்று! வழியில் ஒரு சிநேகிதர் சேர்ந்துகொண்டாராம். இதில் சரித்திரம் எவ்வளவு, உள்ளூர் மசாலா எவ்வளவு என்று துருவாதீர்கள். நல்ல கதை, இருந்துவிட்டுப் போகட்டும்.

2007 மார்ச்சில் இந்த தேசத்தின்மேல் படையெடுப்பே நடந்தது. ஸ்விஸ் சோல்ஜர்கள் சுமார் 170 பேர் ராத்திரிப் பயிற்சியில் இருட்டில் வழி தவறி, எல்லை தாண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய்விட்டார்கள். தப்பு உறைத்ததும் வந்த வழியே ஓட்டம். ஸ்விஸ்காரர்களே கூப்பிட்டு 'ஸாரி' சொன்ன பிறகுதான் லீக்டென்ஸ்டைனுக்குத் தன்மேல் படையெடுத்திருக்கிறார்கள் என்கிற விஷயமே தெரியும்.

சிரித்தாயிற்றா? இனிமேல் கொஞ்சம் சீரியஸ்.

உங்கள் ஆபீஸில் ஒருவர் இருப்பார். ஒல்லியாக, முழுக்கைச் சட்டை பட்டனை மணிக்கட்டு வரை போட்டுக்கொண்டு, மூலை மேஜையில். ப்ரமோஷன் கிடையாது. செல்வாக்கு கிடையாது. ஆனால் ரூல் புஸ்தகம் முழுக்க மனப்பாடம். மானேஜர் கன்னாபின்னாவென்று கத்தும்போது எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். கத்தி முடித்ததும் மெதுவாக எழுந்து, "ஸார், நீங்க இப்ப சொன்னதை மினிட்ஸ்ல ஏத்திடட்டுமா?" என்பார். மானேஜர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

ஐ.நா. சபையில் அந்த மூலை மேஜை ஆசாமி, லீக்டென்ஸ்டைன்.

1990-ல்தான் ஐ.நா.வில் சேர்ந்தார்கள். 2002-ல் அங்கே தூதராக வந்தவர் கிறிஸ்டியன் வெனவேசர். மற்ற தேசத்து தூதர்கள் மூன்று நான்கு வருஷத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். இவர் இருபது வருஷத்துக்கு மேல் அதே நாற்காலி. எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அத்துப்படி. ஒரு தேசம் இன்னொரு தேசத்தின்மேல் படையெடுப்பதை சர்வதேச கிரிமினல் கோர்ட் விசாரிக்கிற குற்றமாக வரையறுத்தார்களே, 2010-ல் கம்பாலாவில், அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். படையே இல்லாத தேசத்தின் ஆசாமி!

இவர்கள் செய்ததிலேயே அதிகம் பேசப்பட்டது வீட்டோ சமாசாரம். உங்களுக்குத் தெரியும், பாதுகாப்பு கவுன்சிலில் பதினைந்து பேர். அதில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், ஃபிரான்ஸ் ஐந்து பேருக்கு வீட்டோ. பதினாலு பேர் கை தூக்கினாலும் இந்த ஐவரில் ஒருத்தர் 'மாட்டேன்' என்றால் விஷயம் காலி. ஏன் மாட்டேன் என்று வெளியே வந்து யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1945-லிருந்து இதுதான் நடைமுறை.

வீட்டோவை எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஐ.நா. சாசனத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு ஐந்து பேருமே சம்மதிக்க வேண்டும். திருடனிடமே பூட்டுக்கு ஆர்டர் கொடுக்கிற கதை.

லீக்டென்ஸ்டைன் வீட்டோவைத் தொடவே இல்லை. ஒரு சின்ன சர்க்குலர் மட்டும் போட வைத்தது. யாராவது வீட்டோ போட்டால், பத்து வேலை நாளைக்குள் பொதுச்சபை கூடவேண்டும். 193 தேசங்களும் உட்கார்ந்திருக்கும். போட்டவர் விரும்பினால் முதல் ஆளாக வந்து ஏன் போட்டேன் என்று சொல்லலாம். அவ்வளவே. ஓட்டெடுப்பு இல்லை, தண்டனை இல்லை, வீட்டோ செல்லாது என்று யாரும் சொல்லப்போவதில்லை.

"இதுல என்ன ஸார் இருக்கு?" என்று தோன்றும். இருக்கிறது. 'தானாகக் கூடும்' என்கிற வார்த்தையில்தான் மொத்த சூட்சுமமும். முன்பெல்லாம் இந்த மாதிரிக் கூட்டம் வேண்டுமென்றால் யாராவது ஒரு தேசம் எழுந்து கேட்க வேண்டும். கேட்கிற தேசத்துக்கு அன்றைக்கே வல்லரசு ஆபீஸிலிருந்து போன் வரும். 'உங்களுக்குக் கொடுக்கிற உதவிப் பணம் விஷயமா கொஞ்சம் பேசணுமே...' அதற்குப் பயந்தே பாதிப் பேர் கையைத் தூக்கமாட்டார்கள். இப்போது யாரும் கேட்கவேண்டியதில்லை. காலண்டர் கூப்பிடுகிறது. காலண்டருக்கு போன் போட்டு மிரட்ட முடியாது!

இரண்டு வருஷத்துக்கு மேல் இந்த டிராஃப்டை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தார்கள். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மறுநாளே அதைக் கண்டிக்கிற தீர்மானத்தை ரஷ்யாவே வீட்டோ போட்டுத் தள்ளியது. அடித்தவனே நாட்டாமை நாற்காலியிலும் உட்கார்ந்தால்? உலகமே கொதித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் டிராயரைத் திறந்தார்கள். ரஷ்யாவை மாட்டவைக்கிற குஷியில் அமெரிக்காவும் கையெழுத்துப் போட்டது. மொத்தம் 83 தேசங்கள் சேர்ந்து முன்மொழிந்து, 2022 ஏப்ரல் 26-ல் ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேறியது.

அடுத்த மாதமே முதல் கேஸ். வட கொரியாமேல் கூடுதல் தடை விதிக்கும் தீர்மானத்துக்கு ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ. ஜூன் 8-ம் தேதி இரண்டு பேரும் பொதுச்சபைக்கு வந்து காரணம் சொன்னார்கள்.

அதற்கப்புறம் சக்கரம் சுற்றியது. காஸாவில் சண்டையை நிறுத்தச் சொல்லும் தீர்மானத்துக்கு 2023 டிசம்பர் 8-ல் அமெரிக்கா வீட்டோ. பிறகும் பல தடவை. 2025 செப்டம்பர் 18-ல் பதினாலு பேர் ஒரு பக்கம், அமெரிக்கா மட்டும் மறு பக்கம். ரஷ்யாவுக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட அதே சர்க்குலர்! ரூல் புஸ்தகத்துக்குச் சிநேகிதன், விரோதி தெரியாது. லீக்டென்ஸ்டைன்காரர்கள் இதை முதலிலேயே யோசித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

அதனால் காஸாவில் ஒரு குண்டாவது குறைந்ததா? இல்லை. உக்ரைனில்? அங்கேயும் இல்லை. பல் இல்லாத சபைக்கு, பொய்ப்பல் விற்கிற தேசம் ஒரு செட் மாட்டிவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். மெல்ல வருமா என்பது வேறு விஷயம்.

சரி, இந்தக் குட்டி தேசத்துக்கு எதற்கு இந்த ஊர்வம்பு? பணம் இருக்கிறது, பனிமலை இருக்கிறது, சும்மா ஸ்கீயிங் போகலாமே?

காரணம் எளிமையானது. பயம். படை இல்லாதவனுக்குச் சட்டம்தான் காம்பவுண்டு சுவர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது இவர்கள் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தார்கள். அடுத்த வாய் இவர்களாக இருந்திருக்கலாம். பெரியவன் சின்னவனை அடித்தால் அது குற்றம் என்று உலகம் எழுதி வைத்து அதை நம்பவும் செய்தால்தான் இவர்களுக்கு ராத்திரி தூக்கம் வரும். தர்மம் என்பதைவிட இன்ஷூரன்ஸ் என்று சொன்னால் பொருத்தம். அதில் தப்பும் இல்லை.

ஆனால் இன்ஷூரன்ஸ் கணக்கில் அடங்காத ஒரு காரியமும் செய்திருக்கிறார்கள். 1945 மே மாதம், யுத்தம் முடிகிற வாரம். ராத்திரியில் பனியில் சுமார் 500 ரஷ்யர்கள் எல்லை தாண்டி வந்து சேர்ந்தார்கள். ஜெர்மானிய யூனிஃபாரத்தில் ஸ்டாலினுக்கு எதிராக நின்றவர்கள். ஒன்றும் மகாத்மாக்கள் இல்லை. திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் ஆஸ்திரியாவில் லியன்ஸ் என்ற ஊரில் பிரிட்டிஷ் ராணுவம் ஆயிரக்கணக்கான கோஸாக்குகளைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து லாரியில் ஏற்றி ரஷ்யர்களிடம் ஒப்படைத்த காலம் அது. சோவியத் அதிகாரிகள் லீக்டென்ஸ்டைனுக்கும் வந்து கேட்டார்கள். அப்போது இந்த தேசத்தின் ஜனத்தொகையே சுமார் 12,000. 'போக இஷ்டப்படுகிறவர்களைக் கூட்டிப் போங்கள். இஷ்டமில்லாதவர்களைக் கட்டி அனுப்பமாட்டோம்' என்று சொல்லிவிட்டார்கள். சுமார் 200 பேர் போனார்கள். மற்றவர்களுக்குச் சோறு போட்டு வைத்திருந்து, பல பேரை 1947-ல் அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். பிரிட்டன் செய்யத் துணியாததைப் பன்னிரண்டாயிரம் பேர் செய்தார்கள்.

உடனே மாலை போடக் கிளம்பாதீர்கள். அதே யுத்தத்தின்போது ஆஸ்திரியாவில் இருந்த அரச குடும்பத்து எஸ்டேட்டுகளில், நாஜி முகாமிலிருந்து கொண்டுவந்த யூதர்களை வேலை வாங்கியிருக்கிறார்கள். 2005-ல் சரித்திர ஆசிரியர்கள் கமிஷன் இதை வெளியே கொண்டுவந்தது. அந்த கமிஷனை நியமித்ததே லீக்டென்ஸ்டைன் அரசாங்கம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் பெண்களுக்கு ஓட்டுரிமை... 1971-ல் ஆண்கள் கூடி 'வேண்டாம்' என்றார்கள். 1973-லும் 'வேண்டாம்'. 1984-ல்தான் போனால் போகிறது என்று கொடுத்தார்கள். இந்திரா காந்தி நாலு தடவை பிரதமராகி முடித்த வருஷம்! மனித உரிமையைப் பற்றி உலகத்துக்கு உபதேசம் செய்கிற தேசத்தின் பழைய மார்க் ஷீட்டையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

இவர்கள் உருப்படியாகச் செய்தது என்று என்னைக் கேட்டால், வீட்டோ விஷயத்தைவிட அதற்கு ஆறு வருஷம் முந்திய சிரியா விஷயத்தைத்தான் சொல்வேன்.

சிரியாவில் 2011-லிருந்து உள்நாட்டு யுத்தம். ஜெயில்களில் சித்திரவதை செய்து கொன்றுகொண்டிருந்தார்கள். கொன்றவர்கள் ஆபீஸ் ஒழுங்கோடு கொன்றார்கள். ஒவ்வொரு சடலத்துக்கும் ஒரு நம்பர் எழுதி, போட்டோ எடுத்து, ஃபைலில் சேர்த்தார்கள். அந்த போட்டோ எடுக்கும் வேலையில் இருந்த ராணுவ போலீஸ்காரர் ஒருவருக்கு மனசாட்சி பொறுக்கவில்லை. காப்பி எடுத்துக் கடத்திக்கொண்டு 2013-ல் தப்பி ஓடினார். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். உலகம் அவரை 'சீஸர்' என்கிற புனைபெயரில் அறிந்தது.

ஆதாரம் இருக்கிறது, கோர்ட் எங்கே? சிரியா சர்வதேச கிரிமினல் கோர்ட்டில் உறுப்பினர் இல்லை. பாதுகாப்பு கவுன்சில் அனுப்பினால்தான் அங்கே கேஸ். 2014 மே 22-ல் ஓட்டுக்கு வந்தது. 13 பேர் ஆதரவு. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ. கதவு மூடியாயிற்று.

மூலை மேஜை ஆசாமி புஸ்தகத்தைப் புரட்டினார். பொதுச்சபையால் கோர்ட் வைக்க முடியாது. ஜட்ஜ் நியமிக்க முடியாது. ஆனால் ஃபைல் போடக் கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இல்லை! கத்தாரையும் கூடச் சேர்த்துக்கொண்டு லீக்டென்ஸ்டைன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. சாட்சியம் சேகரித்து, பத்திரப்படுத்தி, கேஸ் கட்டாகத் தயார் செய்து வைக்க ஓர் அமைப்பு. என்றைக்காவது, எங்கேயாவது ஒரு கோர்ட் கதவைத் திறந்தால் எடுத்து நீட்டலாம். அதிகாரமே இல்லாத வேலை என்று ரஷ்யா ஆட்சேபித்தது. 2016 டிசம்பர் 21-ல், அலெப்போ நகரம் விழுந்துகொண்டிருந்த அதே வாரத்தில், ஓட்டெடுப்பு. ஆதரவு 105, எதிர்ப்பு 15, நடுநிலை 52. ஜெனீவாவில் ஆபீஸ் திறந்தார்கள். முதலில் தேசங்கள் கொடுத்த நன்கொடையில் ஓடியது. 2020-லிருந்து ஐ.நா.வின் ரெகுலர் பட்ஜெட்டில் காசு.

ஃபைல் போட்டால் செத்தவர்கள் எழுந்து வருவார்களா என்ற கேள்வி நியாயமானது. எட்டு வருஷம் ஃபைல் தடித்துக்கொண்டே போக, சிரியாவில் சாவும் நடந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஜெர்மனியில் ஒரு கதவு திறந்தது. அங்கே சட்டம் அப்படி, எந்த தேசத்தில் நடந்த மானுடக் கொடுமையானாலும் தங்கள் கோர்ட்டில் விசாரிக்கலாம். டமாஸ்கஸ் உளவுத்துறையில் விசாரணைப் பிரிவுத் தலைவராக இருந்த அன்வர் ரஸ்லான், 2014-ல் ஜெர்மனிக்கு அகதியாக வந்து சேர்ந்திருந்தார். அவர் கைக்குள் சிக்கி உயிர் பிழைத்தவர்களும் அதே ஜெர்மனியில் அகதிகள். கோப்லென்ஸ் நகரத்துக் கோர்ட்டில் அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். சீஸரின் படங்களும் ஏறின. 2022 ஜனவரி 13-ல் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை.

பாணி பரவியது. 2018-ல் ரோஹிங்யா மக்களுக்கு நடந்த கொடுமைகளுக்குப் பிறகு மியான்மருக்கும் இப்படி ஓர் அமைப்பு. நமக்குப் பக்கத்திலும் உண்டு. 2009-ல் முடிந்த இலங்கை யுத்தம் பற்றி 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. எதிர்கால வழக்குகளுக்காக ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க வேண்டும் என்று. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. அந்தப் பதினாலில் இந்தியாவும் ஒன்று. முல்லைத்தீவில் பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு ஜெனீவாவில் ஒரு ஃபைல் என்ன ஆறுதலைக் கொடுக்கும்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபைலும் இல்லை என்றால் அந்த போட்டோ மட்டும்தான் மிச்சம்.

2024 டிசம்பர் 8-ல் சிரியாவில் அஸாத் ஆட்சி கவிழ்ந்தது. அவர் மாஸ்கோவுக்குப் பறந்துவிட்டார். ஜெயில் கதவுகள் திறந்தன. உளவுத்துறை ஆபீஸ்களில் காகிதம் தரையெல்லாம் இறைந்து கிடந்தது. உறவினர்கள் அதை மிதித்துக்கொண்டே, குனிந்து குனிந்து பெயர் தேடினார்கள். அந்த மாதமே ஜெனீவா அமைப்பின் தலைவர் ராபர்ட் பெடிட் டமாஸ்கஸுக்குள் வந்தார். கனடாக்காரர், வக்கீல். எட்டு வருஷமாக வெளியே நின்று ஃபைல் போட்ட ஆபீஸின் தலைவர், முதல் தடவையாக உள்ளே. காகிதங்கள் எரிந்துபோவதற்குள், நனைந்துபோவதற்குள் காப்பாற்ற வேண்டும் என்று புதிய ஆட்சியாளர்களிடம் கேட்டார்.

காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்றே 2023-ல் பொதுச்சபை தனியாக இன்னோர் அமைப்பை உண்டாக்கியிருந்தது. அந்தத் தீர்மானத்தை முன்வைத்ததும் ஒரு குட்டி தேசம்தான், லக்ஸம்பர்க். வேலை லேசானது இல்லை. சீஸரின் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒவ்வொரு நம்பரையும் ஒரு வீட்டோடு பொருத்த வேண்டும்.